டப் ரெகேயும் ஆம்பியன்ட்டும் சேர்ந்த ஆல்பங்கள்: பரிந்துரை வேண்டும்

நண்பர்களே, வணக்கம். ஜமைக்காவின் ரெகே இசையில் எக்கோவையும் தாழ்ந்த ஒலியையும் தூக்கிக் காட்டுவது டப்; தாளத்தைவிடச் சூழலுக்கு இடம் தரும் மெதுவான இசை ஆம்பியன்ட். இரண்டும் கலந்த ஆல்பங்களைத் தேடுகிறேன். ஒரு மாதமாக, தி ஆர்ப் என்ற ஆம்பியன்ட் குழு, ரெகே கலைஞர் லீ 'ஸ்க்ராட்ச்' பெர்ரியுடன் சேர்ந்து 2012-இல் வெளியிட்ட ஆல்பத்தைத்தான் விடாமல் கேட்கிறேன். அப்போது எழுபதைத் தாண்டியிருந்த அந்த ஜமைக்கா மேதை பாதிப் பாட்டும் பாதிப் பேச்சுமாகப் போக, பின்னால் சின்தசைசர் மேகம்போல நகர்கிறது. ஒரு சொல் எக்கோவில் மாட்டித் தேய்ந்து தேய்ந்து மறைகிறதே, அந்த இடத்தில் மனம் அப்படியே நின்றுவிடுகிறது.

அப்புறம் பெர்லினின் ரிதம் அண்ட் சவுண்ட் என்ற மின்னணு இசை இரட்டையர். டொமினிகா தீவைச் சேர்ந்த பால் செயின்ட் ஹிலேர் அவர்களுக்காகப் பாடியவற்றில் பேஸ் எனும் தாழ்ந்த ஒலி நேராக நெஞ்சில் இறங்குகிறது. மேலே பழைய இசைத்தட்டு தேய்வது போன்ற மெல்லிய இரைச்சல். ஒரே பின்னணி இசையின்மேல் வெவ்வேறு பாடகர்களைப் பாடவைத்த 2005 ஆல்பமும் கேட்டாயிற்று.

பிரிட்டனின் மாஸிவ் அட்டாக் குழுவின் பாடல்களை மேட் புரொஃபசர் என்ற டப் தயாரிப்பாளர் டப்பாக மாற்றிய 1995 ஆல்பமும் தெரியும். அருமைதான், ஆனால் அது ரீமிக்ஸ். ரெகே, ஆம்பியன்ட் என இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து புதிதாகச் செய்தவைதான் எனக்கு வேண்டும். ரெகே பாடகரின் குரல் கட்டாயம் இருக்க வேண்டும், டிரம்ஸ் குறைவாக இருந்தால் நல்லது. 2015-க்குப் பிறகு வந்தவை என்றால் இன்னும் சந்தோஷம்.

எந்த ஆல்பம், அதில் எந்தப் பாட்டில் தொடங்கலாம் என்று சொல்லுங்கள். ஹெட்ஃபோனா, பெரிய ஸ்பீக்கரா என்பதையும் சேர்த்து.