பூம்புகாரிலிருந்து தரங்கம்பாடிக்கு மிதிவண்டியில்

கேள்வி: பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கும் இடத்திலிருந்து தரங்கம்பாடி வரை, அறுபதைக் கடந்த என் தந்தையாருடன் மிதிவண்டியில் செல்ல விரும்புகிறேன். அவருக்குச் சிரமமாக இருக்குமா?

பதில் 1: மேடில்லாத சமவெளி என்பதால் கால்களுக்குச் சிரமம் இராது, ஐயா. பிற்பகலில் கடற்காற்று வலுக்கும். ஆகவே விடியலிலேயே புறப்பட்டு, 1620-இல் டேனியர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையை வெயில் ஏறுமுன் அடைந்துவிடுங்கள்.

பதில் 2: மழை மிகுந்த ஐப்பசி, கார்த்திகையைத் தவிருங்கள். மீனவர் குப்பங்களில் சாலையோரம் வலை உலர்ந்துகொண்டிருந்தால், இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்வதே மரியாதை. சீமைக்கருவேல முள் என் சக்கரத்தைத் துளைத்த நாளிலிருந்து, பஞ்சர் ஒட்டும் பொருட்கள் இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

பதில் 3: காரைக்கால் வரை நீட்டித்தால் அரசலாற்றின் முகத்துவாரத்தையும் காணலாம். வீடு திரும்பியதும் சங்கிலியில் படிந்த உப்பையும் மணலையும் நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து எண்ணெய் விடுங்கள்.