'ஆபத்துக் காரணி' வேண்டாம், 'இடர்கூட்டி' எப்படி?

அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

குழந்தைகளின் சிறு அறுவை பற்றிய நம் டர்பன் கையேட்டில் ஆங்கிலத்தின் 'risk factor' என்பதற்கு 'ஆபத்துக் காரணி' என்று போட்டிருப்பதை மாற்றியே ஆகவேண்டும். காரணி என்றதும் காதில் காரணம் என்றுதான் விழும். நம் ஊர்ச் சாட்ஸ்வொர்த் பகுதியில் பேரனை அழைத்துக்கொண்டு போகும் பாட்டி அதைப் படித்தால், குறைமாதத்தில் பெற்றதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆச்சு என்று மருமகள்மேல் பழி விழும். மருத்துவர் சொல்வது அதுவல்ல. குறைமாதக் குழந்தைக்குக் குடலிறக்க அறுவை செய்தால், மயக்கமருந்துக்குப் பிறகு மூச்சு விட்டுவிட்டு வரும் வாய்ப்பு கூடுதல், கர்ப்ப வாரங்களையும் சேர்த்து வயது 60 வாரம் ஆகும்வரை அந்தக் கவலை உண்டு, அதனால் அன்றிரவு வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துப் பார்ப்பார்கள். பல குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது.

அதனால் 'இடர்கூட்டி' என்கிறேன், வழிகாட்டி என்ற சொல் அமைந்த மாதிரி. இடரைக் கூட்டும், அவ்வளவே. உண்டாக்கும் என்று சொல்லவில்லை. சளி பிடித்து இரண்டு வாரம் ஆகாத பிள்ளைக்கு மயக்கமருந்து கொடுத்தால் குரல்வளை இறுகிக்கொள்ளும் வாய்ப்பு கூடும், வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தாலும் அப்படியே. இவற்றை 'மாற்றக்கூடிய இடர்கூட்டி' எனலாம்: அவசரமில்லாத அறுவையைத் தள்ளிப்போடலாம், சிகரெட்டை நிறுத்தலாம். டான்சில் அறுவைக்கு வரும் பிள்ளைக்கு 3 வயது ஆகவில்லை என்பதை யார் மாற்றுவது? அது 'மாறாத இடர்கூட்டி'. கண்ணுக்கே தெரியாததும் உண்டு. சில பிள்ளைகளின் உடல் மரபணு காரணமாகக் கோடீன் என்னும் வலிமருந்தை மளமளவென்று மார்பீனாக மாற்றி மூச்சை அடக்கிவிடும். டான்சில் அறுவைக்குப் பின் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கக்கூடாது என்று அமெரிக்க மருந்துத்துறை 2013-இல் எச்சரித்தது இதனால்தான்.

தமிழ்நாட்டில் காரணி என்றே எழுதும்போது நாம் ஏன் தனியாக ஓடவேண்டும் என்று அண்ணன் கேட்டது நியாயம். முதல் பக்கத்தில் ஒருமுறை இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுவோம், இணையத்தில் தேடுபவருக்கு அது உதவும்.

அப்புறம், ஆபத்தானதைச் சொல்லும் இடங்களில் 'பின்விளைவு' என்பதையும் எடுத்துவிட்டு 'சிக்கல்' என்றே வையுங்கள். டான்சில் எடுத்தபின் தொண்டை வலிப்பது எல்லோருக்கும் வரும் பின்விளைவு. இரத்தம் கசிவது சிக்கல், அதுவும் முதல் 24 மணிநேரத்தில் மட்டுமல்ல, பொருக்கு உதிரும் 5 முதல் 10 நாளுக்குள்ளும் வரலாம், அப்போது பிள்ளை வீட்டில் இருக்கும். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் தாய் எதற்குப் பதறி ஓடுவாள், எதற்குப் பொறுப்பாள்?

அச்சுக்குப் போகுமுன் ஞாயிறு வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோரிடம் இரண்டு பக்கம் வாசித்துக் காட்டுங்கள் அக்கா, எந்தச் சொல்லில் தடுக்குகிறார்கள் என்று குறித்து அனுப்புங்கள்.