கல்லடியில் மீன் பாட்டுக் கேட்டவர்கள் யாராவது உண்டா?

வடமராட்சியான்
இரண்டு வருடமாக மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. மட்டக்களப்பு வாவியில் பௌர்ணமி இரவில் தண்ணீருக்கடியில் மீன் பாடும் என்கிற கதை எல்லோருக்கும் தெரியும். வெசாக் போயாவுக்கு, அதாவது வைகாசிப் பௌர்ணமிக்கு, மறுநாள் இரவு, கல்லடிப் பழைய பாலத்தடி. தோணிக்கார ஐயாவுக்கு எழுபது வயதிருக்கும். கூலி பேசாமலே ஏற்றிக்கொண்டார். நடு வாவியில் சவளை (துடுப்பை) தண்ணீருக்குள் இறக்கி, மேல் நுனியைக் காதில் வைக்கச் சொன்னார். மரத்தின் ஈரம் காது மடலில் சில்லென்று ஒட்டியது. தோணியில் அலை தட்டுகிற சத்தம் கேட்டது. வேறொன்றும் இல்லை. ஐயா மூச்சை அடக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"கேட்கிறதா, மகன்?"

"ஓம் ஐயா" என்று சொல்லிவிட்டேன்.

புளியந்தீவுக்காரி
மறுநாள் போனால் எப்படிக் கேட்கும்? பறுவத்தன்று, பௌர்ணமியிலேயே, போயிருக்க வேண்டும். அதோடு 2013இல் திறந்த புதுப் பாலத்தில் இரவிரவாக வாகனம் ஓடுகிறது. ஒன்றுமே இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள். 1848இல் வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ற் கேட்டிருக்கிறார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈர விரலால் தேய்த்தது போலிருந்ததாம். பாடுவது மீனா, சிப்பி நத்தை போன்ற ஊரியா என்று வேண்டுமானால் சண்டை பிடிக்கலாம். நான் ஊரிக் கட்சி. சிறு வயதில் அப்பாவோடு போய் ஒரே ஒரு தடவை கேட்டேன், தம்புராவை யாரோ தூரத்தில் மீட்டியது போல.

கல்முனைவாசி
எனக்கும் கேட்டது. உம்மா "தவளை" என்றார்.

இனிப் போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். சித்திரைக்கும் புரட்டாசிக்கும் இடையில் போங்கள். கார்த்திகை, மார்கழியில் மழைத் தண்ணீர் வந்து வாவி கலங்கிக் கிடக்கும். கொழும்பிலிருந்து என்றால் காலையில் புறப்படும் உதயதேவி ரயிலில் ஏறுங்கள், யன்னல் ஓரம் கிடைத்தால் விடாதீர்கள். பகலில் பாலமீன்மடு வெளிச்சவீடு பார்க்கலாம், 1913இல் கட்டியது. பிள்ளைகளோடு என்றால் பாசிக்குடாக் கடற்கரை. வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான். எருமைத் தயிரைச் சட்டியோடு வாங்குங்கள், ஆனால் பஸ்ஸில் மடியில் வைக்காதீர்கள். என் காற்சட்டை ஒன்று அப்படித்தான் போனது.

புளியந்தீவுக்காரி
தவளையா? வாவி உப்புத் தண்ணீர், ஐயா!

கல்முனைவாசி
மழைக்கு உப்புக் குறையும். உம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வடமராட்சியான்
நான் ரயில் நேரம் கேட்கவில்லை. முதலில் எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். அடுத்த நாள் காலை பாலத்தடியில் இறால் வாங்க நின்றேன். அதே ஐயா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூறு கட்டி விற்கிற அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அது இன்னும் பாடுகிறது, பிள்ளை. ராத்திரி யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் கேட்டார். என் காதுதான் போய்விட்டது."

இறால் வாங்காமலே திரும்பிவிட்டேன்.