பொருள்: 'பிரீகவரி' என்பதற்கு 'முன்தடம்'

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்த பிறகு, அதன் சுற்றுப்பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, முந்தைய ஆண்டுகளில் வேறு எதற்காகவோ எடுக்கப்பட்ட வான்படங்களில் அது எவர் கண்ணிலும் படாமல் பதிந்திருப்பதைத் தேடிப் பிடிப்பதை வானியலார் 'பிரீகவரி' (precovery: pre + recovery) என்கிறார்கள். இதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் முன்மொழியப்பட்ட 'முன்பதிவு' பொருளளவில் பிழையில்லைதான். ஆனால் எழும்பூரில் நெல்லைக்கு டிக்கெட் எடுப்பவரிடமிருந்து அந்தச் சொல்லை இனிப் பிடுங்க முடியாது. 'முன்மீட்பு' ஆங்கிலச் சொல்லைத் துண்டு துண்டாக மாற்றி ஒட்டியது; தொலையாத பொருளை எங்கிருந்து மீட்பது? 'முன்கண்டுபிடிப்பு' செய்தியையே தலைகீழாக்குகிறது, ஏனெனில் அன்று அதை எவரும் கண்டுபிடிக்கவில்லை.

இந்த வேலை ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு நம் ஊர்ச் சிறுகோளையே எடுத்துக்கொள்ளலாம். நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் 1861 ஏப்ரல் 17 அன்று கண்டுபிடித்த 67ஆம் எண் சிறுகோளான 'ஆசியா', செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட முதன்மைப் பட்டையில், சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 3.77 ஆண்டுகள், அதாவது 1,377 நாட்கள் எடுத்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட ஒன்றைப் பத்து இரவுகள் தொடர்ந்து பார்த்தாலும் நமக்குக் கிடைப்பது முழுச் சுற்றில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாத வில், அதாவது பாதையின் ஒரு சிறு துண்டு. அந்தச் சிறு வில்லோடு ஒத்துப்போகும் நீள்வட்டங்கள் பல. பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரே ஒரு நிலை கிடைத்துவிட்டால் அவற்றில் பெரும்பாலானவை கழிந்து, சுற்றுக்காலம் துல்லியமாகிவிடும்.

'தடம்' என்பதை நான் விரும்புவதற்குக் காரணம் அக்காலத்தில் ஒளிப்படம் பதிந்த கண்ணாடித் தட்டிலேயே இருக்கிறது. ஜெர்மானிய வானியலார் மாக்ஸ் வோல்ஃப் 1891இல் ஹைடல்பெர்கில் 'புரூசியா' என்ற சிறுகோளை ஒளிப்படத்தின் வழியே கண்டுபிடித்தது முதல், சிறுகோள் வேட்டை ஒளிப்படத்துக்கு மாறியது. தொலைநோக்கி விண்மீன்களைப் பின்தொடர்ந்தபடி நெடுநேரம் படம்பிடிக்கையில், விண்மீன்கள் புள்ளிகளாக நிற்க, சிறுகோள் மட்டும் ஒரு குட்டைக் கோட்டை இழுத்துவிட்டுப் போகும். ஈரமான களிமண்ணில் நண்டு ஊர்ந்த கோடு மாதிரி.

'முன்படம்' போதாதா என்று கேட்ட நண்பருக்கு ஒரு சொல். ஆங்கிலேய வானியலார் ஃபிளாம்ஸ்டீட் 1690இல் யுரேனசைப் பார்த்து, ரிஷப விண்மீன் குழுவின் 34ஆம் விண்மீன் என்று பட்டியலில் எழுதிவைத்தார். அது கோள் என்பது 1781இல்தான் தெரிந்தது. அங்கே படமே இல்லை, ஆனாலும் தடம் இருக்கிறது.

'முற்றடம்' என்று புணர்த்தினால் முற்றமும் முற்றுகையும் குறுக்கே வரும் என்பதால், இலக்கணம் அறிந்தோர் பொறுத்துக்கொள்வார்களாயின், 'முன்தடம்' என்றே எழுதலாம். பதிந்திருக்கும் சுவட்டுக்கு 'முன்தடம்', அதைத் தேடிப் பிடிக்கும் செயலுக்கு 'முன்தடங்காணல்'. "பழைய தட்டுகளில் இச்சிறுகோளின் முன்தடம் கிடைத்தது" என்ற வாக்கியத்தைப் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன்; விளக்கம் கேட்காமல் "எந்த வருஷத் தட்டு?" என்றார்.

அன்புடன்,
நுங்கம்பாக்கத்திலிருந்து