வயிற்றுப் புற்றுநோய்: கீமோவும் இம்யூனோதெரபியும் சேர்ந்த ட்ரையலில் அப்பாவைச் சேர்க்கலாமா?

கேள்வி:
அப்பாவுக்கு 63 வயது, நான் ஒரே மகள். வயிற்றுப் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது, ஆபரேஷன் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கீமோவோடு இம்யூனோதெரபியும் சேர்த்துத் தரும் ட்ரையல் ஒன்று இருக்கிறதாம். ஆனால் யாருக்கு எது என்று கம்ப்யூட்டர்தான் குலுக்கிப் போடுமாம். அப்பாவுக்கு மருந்தில்லாத ஊசி விழுந்துவிட்டால்? வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். தூக்கமே இல்லை.

பதில் 1:
தங்கச்சி, என் அம்மா இப்படி ஒரு ட்ரையலில் இருந்தார். மருந்தில்லாத ஊசி விழுந்தவர்களுக்கும் அங்கே கீமோ நிற்கவில்லை. அதனால் அந்தப் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். நான் பயப்படாமல் விட்டதுதான் தப்பாகப் போனது. நாலாவது மாதம் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மூன்று நாள் சும்மா இருந்துவிட்டேன். அது குடல் அழற்சி. ஸ்டீராய்டு கொடுத்த பிறகுதான் அடங்கியது. இம்யூனோதெரபி மருந்து உடம்பின் எதிர்ப்பு அணுக்களின் கடிவாளத்தை அவிழ்த்துவிடுகிறது, அவை நல்ல உறுப்பையும் தாக்கலாம். மருந்தை நிறுத்தி மாதங்கள் ஆன பிறகும் வரலாம். இருமல், மூச்சிரைப்பு, வயிற்றுப்போக்கு எதுவானாலும் அன்றைக்கே போன் செய்யுங்கள்.

பதில் 2:
புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். இந்தச் சேர்க்கை இப்போது வெறும் பரிசோதனை மட்டும் இல்லை. செக்மேட் 649 ஆய்வில் சிபிஎஸ் (பிடி-எல்1 என்ற புரதம் கட்டியில் எவ்வளவு என்று காட்டும் எண்) 5 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களில் பாதிப் பேர் வாழ்ந்த காலம், கீமோ மட்டும் என்றால் 11.1 மாதம், நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தும் சேர்ந்தால் 14.4 மாதம். 2021-இல் அமெரிக்கா அனுமதித்துவிட்டது. மூன்று மாதம் சிறிதாகத் தெரியலாம், ஆனால் அது நடு அளவு. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் பலன் நீடிக்கிறது. அதனால் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது: ஒப்பீட்டுக் குழுவில் இருப்பவர்களுக்கு என்ன கிடைக்கும்? கீமோ மட்டுமா, அனுமதி பெற்ற சேர்க்கையா? கீமோ மட்டும் என்றால் ஏன் என்று விடாமல் கேளுங்கள். அப்புறம் பயாப்சி ரிப்போர்ட்டில் சிபிஎஸ், ஹெர்2 (புற்றணுவை வளரத் தூண்டும் ஒரு புரதம்), எம்எஸ்ஐ (அணுவில் மரபணுப் பிழைகளைத் திருத்தும் வேலை பழுதானதைக் காட்டும் அடையாளம்) மூன்றும் பாருங்கள். ஹெர்2 பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து வேண்டும், பாதையே வேறு. எம்எஸ்ஐ அதிகமாக இருந்தால் இம்யூனோதெரபி நன்றாகவே வேலை செய்யும். கையெழுத்துப் போட்ட பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அது அப்பாவின் உரிமை.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி சிஸ்டர். ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். சிபிஎஸ் 8, ஹெர்2 நெகட்டிவ். எம்எஸ்ஐ இடம் காலியாக இருக்கிறது. சரி, நாளைக் காலை அதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன். அப்பாவும் கூட வருகிறேன் என்கிறார்.