புதுப்பிப்பு: நீஸ் நகரில் பழைய ஃபியட் 500, மலையிறக்கமும் பிரேக்கும்
நீஸ் துறைமுகத்திலிருந்து கிராண்ட் கார்னிஷ் என்ற மலைச்சாலை வழியாக லா டுர்பி என்ற ஊர் வரை வாடகைக்கு எடுத்த பழைய ஃபியட் 500-இல் போகும் பாதையை முன்பு இங்கே எழுதியிருந்தேன். இறங்கும்போது பிரேக் ஏன் பிடிக்காமல் போகிறது என்பதே அதிகம் வந்த கேள்வி.

அந்தச் சாலை 500 மீட்டருக்கும் மேலே ஏறுகிறது. இந்த வண்டிக்கோ நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடாகி விரியும், அதன் உட்புறத்தில் உரசிப் பிடிக்கும் லைனிங்கின் பிடிப்பும் குறையும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். வளைவுக்கு முன்பே அழுத்தமாகப் பிடித்து உடனே விடுங்கள். கியர்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோமெஷ் இந்த வண்டியில் இல்லாததால் கியர் குறைக்க கிளட்சை இருமுறை மிதிக்க வேண்டும்: கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு லேசாக ஆக்சிலரேட்டர், மறுபடி கிளட்ச், கீழ் கியர். இதைச் சமதரையில் பழகாமல் மலையேறவே கூடாது.

பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. ஓரங்கட்டி நன்றாக ஆறவிடுங்கள். பழைய ஆயில் ஈரம் உறிஞ்சி சீக்கிரம் கொதிக்கும் என்பதால், எப்போது மாற்றினார்கள் என்று வாடகைக்கு எடுக்கும்போதே கேளுங்கள்.

கடல் வலப்பக்கம் வர, நீஸிலிருந்து கிழக்கே ஓட்டுவதே அழகு. கேன்வாஸ் கூரையை ஈரத்தோடு சுருட்டாதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.