மறு: கப்பல் முன்நுனிச் சிலைக்கு என்ன சொல்?

நண்பர்களே,

கப்பலின் முன்நுனியில் வைக்கும் சிலைக்கு (ஆங்கிலத்தில் figurehead) தமிழில் என்ன சொல் என்ற பேச்சு என் படத்தால் தொடங்கியது, அதனால் நானும் ஒரு வார்த்தை. லண்டன் கிரீனிச்சில் நிற்கும் கட்டி சார்க் என்ற பழைய பாய்மரக் கப்பலின் முன்நுனிப் பெண் சிலையைக் கலர் பென்சிலில் வரைந்தேன். சிலை முழுக்க வெள்ளை, ஆகவே தாளை அப்படியே விட்டுவிட்டு, துணி மடிப்புகளில் மட்டும் நீலமும் சாம்பலும் லேசாகத் தேய்த்தேன். எல்லாம் முடிந்து அடியில் பெயர் எழுதப் போனால் சொல் இல்லை! அகராதியில் figurehead-ஐப் புரட்டினால் 'பெயரளவுத் தலைவர்' என்கிறது. அது கப்பலிலிருந்து பிறகு அரசியலுக்குப் போன பொருள்.

இந்தப் பேச்சில் ஐயா ஒருவர் சொன்ன 'முகப்புச் சிலை' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முகப்பு என்றதும் எனக்குக் கட்டடம்தான் கண்ணில் வருகிறது, கோயில் வாசல் துவாரபாலகரையும் அப்படிச் சொல்லிவிடலாமே. படகின் முன்பக்கத்துக்கு நம் கடற்கரையில் அணியம் என்ற சொல் இருக்கும்போது வேறு எதற்கு? 'அணியம் என்றால் தயார் அல்லவா' என்று ஒருவர் கேட்டிருந்தார். சரி, அதுவும் உண்டு. சிலை என்று பின்னால் சேர்த்துவிட்டால் யாரும் குழம்பப் போவதில்லை.

அக்கா ஒருவர் சிலப்பதிகாரத்தை எடுத்துக்காட்டி 'அணியமுகம்' என்று சொல்லலாமே எனக் கேட்கிறார். வையைத் துறையில் பரிமுக அம்பி, கரிமுக அம்பி, அரிமுக அம்பி என்று குதிரை, யானை, சிங்க முகத்தோடு ஓடங்கள் வருகின்றனவே, அந்த மரபை விடக்கூடாது என்பது சரிதான். ஆனால் கட்டி சார்க்கில் இருப்பது முகம் மட்டுமல்ல. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1791-ல் வெளியிட்ட கவிதையில் வரும் நானி என்ற சூனியக்காரி அவள், குட்டைச் சட்டையோடு ஆடியவள் (கப்பலின் பெயரே அந்தச் சட்டைதான், 1869-ல் வைத்தது). குதிரையில் தப்பி ஓடுகிறவனைத் துரத்திப் போய், அவன் பாலம் தாண்டுவதற்குள் பாய்ந்து பிடித்ததில் குதிரையின் வால் மட்டும் கையோடு வந்துவிட்டது. சிலையிலும் உடல் முன்னே சாய்ந்து, நீட்டிய கையில் வால் தொங்குகிறது. எனக்கு அதிக நேரம் பிடித்ததும் அந்த வால்தான், அதை விட்டுவிட்டு முகம் என்று எழுத மனம் வரவில்லை.

அதனால் விலங்குத் தலை மட்டும் என்றால் அணியமுகம், உருவம் இருந்தால் அணியச்சிலை என்று வைத்துக்கொள்ளலாமா? உருவமே இல்லாமல் சுருள் வேலை மட்டும் செதுக்கிய கப்பல்களும் உண்டு, அதற்கு அணியச்சுருள் போதும்.

இப்போதைக்குப் படத்தடியில் 'அணியச்சிலை' என்று எழுதிவிட்டேன். பென்சில்தான், அழிக்கலாம்.